மாதாவின் வலது பாதம்

பற்றிமாக்காவுக்கு அந்தக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கடிதம் என்றால் தாள் இல்லை. டென்மார்க்கில் வேலைத்தலமும் ஆஸ்பத்திரியும் நகரசபையும் எழுதுவதெல்லாம் கைத்தொலைபேசிக்குள் இருக்கிற ஈபொக்ஸ் என்ற பெட்டிக்குள் வந்து விழும். அதைத் திறக்க ஒரு கடவுச்சொல், திறப்பது நாங்கள்தான் என்று காட்ட இன்னொரு செயலி. இரண்டையும் மறந்துபோன பற்றிமாக்கா தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் இருவருக்கும் ஒரே மாடிக்கட்டடம். அவர் கீழே, நான் மேலே.

"சாரங்கி, இதை ஒருக்காத் திறந்து பார் பிள்ளை. வேலையிலையிருந்து வந்திருக்குது. லீவுக் கடுதாசியாக்கும்."

திறந்து பார்த்தேன். லீவுக் கடிதம் இல்லை. நகரசபை அலுவலகத்தில் இருந்துகொண்டு அந்த நடையில் ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் எழுதுகிறவள் நான். ஆகவே முதல் வரியிலேயே எனக்கு விசயம் விளங்கியது. டெனிஷ் பாஸ்போட் எடுத்து இருபத்தாறு வருடம் ஆகிறது, இன்னமும் இப்படியான கடிதம் என்றால் எனக்குப் பயம். 'காட்சிப்பொருள் இலக்கம் 214-ஐ நீண்டகாலமாகத் திரும்பத் திரும்பத் தொட்டுச் சேதம் விளைவித்தமை தொடர்பாக' அவரை அடுத்த வியாழக்கிழமை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். விரும்பினால் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம்.

"214 எண்டா என்ன சாமான்?"

"மரச்சிலை அக்கா. மரியாளும் குழந்தையும்."

"மாதாவோ?" பற்றிமாக்கா நாற்காலியை இழுத்து இருந்தார். "மாதாவுக்கு நான் என்ன சேதம் செய்தனான்?"

அவர் கூட்டித் துடைக்கிற அந்த அருங்காட்சியக மாளிகையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த கடிதம் எனக்கு வரும். கோப்பன்ஹேகனில் இருக்கிறது என்பது போதும். நூற்று முப்பது வருடங்களுக்கு முன்னர் ஒரு பெரிய கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகை. இரும்புத் தூண்கள், கண்ணாடிக் கூரை, இரண்டு கோபுரம், வாசலில் கதிர்க்கட்டோடு ஒரு கல்லுப் பெண்ணும் பற்சக்கரத்தோடு ஒரு கல்லு ஆணும். அந்தக் காலத்தில் நீராவி இயந்திரங்களும் வெண்ணெய் கடைகிற பொறிகளும் பரிசு வாங்கின மாடுகளும் அதற்குள் நின்றனவாம். பிறகு சைக்கிள் ஓட்டப் போட்டி, யுத்தகாலத்தில் தானியக் களஞ்சியம், கடைசியில் ஓவியமும் சிலையும். முன்மண்டபத்தில் முதற் கண்காட்சியின் புகைப்படம் ஒன்று தொங்குகிறது. தொப்பி போட்ட கனவான்கள் ஒரு காளையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து அமத்திப் பார்க்கிறார். அந்தப் படத்தின் சட்டத்தைப் பத்தொன்பது வருடமாகத் தூசி தட்டியவர் பற்றிமாக்கா.

அவர் மன்னார்த் தீவில் பேசாலை. இருபத்துநாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்து முதலில் எஸ்பியர்க்கில் இருந்தார். அங்கே மீன் தொழிற்சாலையில் செதில் எடுக்கிற மேசையில் பதினைந்து வருடம் நின்றார். கணவர் பஸ்தியாம்பிள்ளை அதே தொழிற்சாலையில் குளிரறையில் வேலை செய்தார். தொழிற்சாலையை மூடியதும் மகள் ஸ்ரெபானியையும் கூட்டிக்கொண்டு அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை அண்ணை ஆறு வருடத்துக்கு முன்னர் இருதயம் நின்று போனார். ஸ்ரெபானி படித்து முடித்து, திரும்ப எஸ்பியர்க்குக்கே துறைமுக அலுவலக வேலைக்குப் போய்விட்டாள். பற்றிமாக்கா மாளிகையில் நிலைத்தார். விடிய ஐந்து மணி ரயில். ஆறு மணிக்கு எட்டு மண்டபங்களும் அவருடையவை.

அங்கே கூட்டுவதற்கும் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் வாளி மண்டபத்துக்குள் வரக்கூடாது. உலர்ந்த மொப்தான். சிலைகளிலிருந்து அரை மீற்றர் தள்ளித் தரையில் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு உட்பக்கம் பிடி நீண்ட சின்ன மொப்பால் மட்டும் துடைக்க வேண்டும். சிலைகளில் தூசி எடுப்பது சிலைகளைப் பேணுகிற பிரிவு ஆட்களின் வேலை, அதுவும் தூரிகையால். மொப்பைத் தூணில் சாத்தக்கூடாது. விளக்கப் பலகைகளைக் காய்ந்த துணியால் துடைக்கலாம். விரலடையாளம் எங்கேயும் இருக்கக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் பற்றிமாக்காவுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தாலும் போகும்போது குளிர்ப்பெட்டிக் கைபிடியை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் போவார்.

அவர் டெனிஷ் படித்ததும் அங்கேதான். அரைவாசி எஸ்பியர்க் மீன் மேசையில், மிச்சம் இந்த விளக்கப் பலகைகளில். ஒவ்வொரு நாளும் துடைக்கிறபோது ஒரு வரி வாசிப்பாராம். அதனால் அவருடைய டெனிஷில் இரண்டே வகைதான் உண்டு. ஒன்று தூஷணம், மற்றது கலைவரலாறு. பேக்கரியில் பாண் கேட்கத் தடுமாறுவார். 'பிற்காலக் கோதிக்' என்று பிசகில்லாமல் சொல்லுவார்.

நாலாவது மண்டபத்தில் மாதா நிற்கிறார். யூட்லாந்தில் ஒரு தேவாலயத்தின் பரணிலிருந்து எடுத்தது, ஐந்நூற்றைம்பது வருடம் பழையது. ஓக் மரம். நீலச் சாயம் உரிந்து, குழந்தையின் ஒரு கை இல்லாமல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் அவரைக் கண்டதும் பற்றிமாக்கா திகைத்துப் போனாராம்.

"இந்த நாட்டிலை ஒரு டெனிஷ் கோயிலிலையும் மாதாவைக் காணேல்லை பிள்ளை. அந்தக் காலத்திலை புரட்டஸ்தாந்தாரா மாறினாப் பிறகு கலைச்சுப் போட்டாங்கள். பிறகு பாத்தா, மியூசியத்திலை கொண்டுவந்து ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள். தனிய நிண்டா. ஒரு மெழுகுதிரி இல்லை. நான் என்ன, குட்மோர்னிங் சொல்லிப்போட்டுப் போறதோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நாலாவது மண்டபம் முடிந்ததும் வலது பாதத்தை இரண்டு விரலால் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்து முத்துவார். இரண்டு செக்கனும் ஆகாது. பிறகு ஐந்தாவது மண்டபம்.

"தொடக்கூடாது எண்டு எல்லா இடமும் எழுதியிருக்குதே அக்கா."

"அது பாக்க வாற சனத்துக்கு. நான் பாக்கவோ போறனான்? மற்றது, மாதாவுக்குப் பக்கத்திலை வேறை மாதிரியெல்லோ எழுதிக் கிடக்குது."

அப்படிச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, அந்தப் பலகையை டெனிஷில் ஒப்புவித்தார். தமிழில் அது இப்படி வரும்: 'வலது பாதத்தின் விரல்கள், நம்பிக்கையாளர்களின் கைகள் தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தேய்ந்தவை. இந்த அழகிய தேய்வு, சாதாரண மக்களின் அன்புக்கு எஞ்சியிருக்கும் சாட்சி.'

"அன்புக்குச் சாட்சி எண்டு அவையே எழுதி வைச்சிருக்கினம். அப்ப தொடுற இடம் அதுதானே? எங்களுக்குக் காட்டித்தானே விட்டிருக்கு?"

நான் சைவம். அவர் அதையும் விடவில்லை.

"உனக்கு விளங்காது. உங்கடை கோயிலிலை ஐயர் மட்டும் தொடுவார். நீங்கள் எட்டத்திலை நிண்டு தலையிலை குட்டிக்கொண்டு நிப்பியள். எங்கடை மாதா அப்பிடியில்லை. தொட்டு முத்தினாத்தான் கும்பிட்டது."

பதினேழு வருடம் ஒருவரும் காணவில்லை. காவலாளர்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் மாளிகையைத் திருத்திப் புதிதாகத் திறந்தபோது ஒவ்வொரு மண்டபத்திலும் கமரா பூட்டினார்கள். இந்த வருடம் யாரோ ஒருவர் இருந்து பார்த்திருக்கிறார். நாற்பத்தொரு காலைகளை எண்ணி எடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இணைத்திருந்தார்கள். 'காட்சிப்பொருளுக்கு என்னால் சேதம் ஏற்பட்டதை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்து வைத்தால் எச்சரிக்கையோடு விடுவார்கள். வைக்காவிட்டால் வேலைநீக்கம் பற்றி யோசிக்க வேண்டிவரும். இதை மிக அழகான, மரியாதையான டெனிஷில் எழுதியிருந்தார்கள்.

ஸ்ரெபானியைத் தொலைபேசியில் எடுத்தோம். அவள் தாய் தமிழில் கேட்பதற்கு டெனிஷில்தான் பதில் சொல்லுவாள். கையெழுத்து வைத்துவிட்டு வாருங்கள் அம்மா, ஒரு மரக்கட்டைக்காக யாரும் வேலையை விடமாட்டார்கள் என்றாள்.

"மரக்கட்டையோ? உன்ரை முதல்நன்மைக்குக் கோயிலிலை எடுத்த படத்திலை உனக்குப் பின்னாலை நிக்கிறது ஆர், மரக்கட்டையோ?"

அது வேறு, இது வேறு என்றாள் ஸ்ரெபானி. "என்ன வேறை?" என்று தாய் கேட்க, வேலைக்கு நேரமாகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். தொழிற்சங்கத்துக்கு எடுத்தோம். அவர்களும் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் சொன்னேன்.

"ஒரு வரிதானே அக்கா. வைச்சிட்டு வாங்கோ. ஏன் வீண் கரைச்சல்?"

பற்றிமாக்கா என்னைப் பார்த்தார். "வேலை போனாப் போகட்டும் பிள்ளை. மாதாவைப் பழுதாக்கினவள் எண்டு எழுதி, அதுக்குக் கீழை என்ரை பேரை வைக்கச் சொல்லுறியோ?"

வியாழக்கிழமை காலை இருவரும் ரயில் ஏறினோம். கிளோஸ்ட்ரப் நிலையம் கடந்த பிறகு அவர் கையை விரித்துப் பார்த்தார்.

"பத்தொன்பது வருசம். ஒரு நாளைக்கு ஒருக்கா. உண்மையாவே நான்தான் தேய்ச்சுப் போட்டனோ?"

அந்த விரல்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மீன் மேசையின் உப்பும் பிறகு வந்த சவர்க்காரத் தண்ணீரும் தின்று, நுனிகள் பளிங்குபோல வழுவழுப்பாக இருந்தன. போன வருடம் பாஸ்போட் புதுப்பிக்கப் போனபோது ரேகை எடுக்கிற இயந்திரம் அவரை ஏற்கவில்லை. ஆறு தரம் அழுத்தச் சொல்லி, பிறகு 'ரேகை கிடைக்கவில்லை' என்று எழுதினார்கள்.

"தேஞ்சது உங்கடை விரல் அக்கா," என்றேன்.

"அதை ஆர் படம் எடுத்தது?"

மாளிகையின் மேல்மாடியில் கூட்ட அறை. மேசையில் கோப்பியும் கறுவா போட்ட இனிப்புப் பணிசும் வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் ஒருவரை வேலையிலிருந்து கலைப்பதென்றாலும் முதலில் பணிஸ் தருவார்கள். கட்டடப் பொறுப்பாளர் ஹென்ரியெத்த எங்களைக் கைகொடுத்து வரவேற்றார். மேசையின் கரையில் சிலைகளைப் பேணுகிற பிரிவின் ஊல்ரிக் என்கிற மெலிந்த மனிதர், மடியில் ஒரு கோப்போடு, நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

திரையில் படம் ஓடியது. நாற்பத்தொரு காலை, நாற்பத்தொரு பற்றிமாக்கா. நீல மேற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, குனிந்து, தொட்டு, முத்தி, போய். திரும்பவும் வந்து, குனிந்து, தொட்டு. தொடர்ச்சியாக ஒட்டியிருந்தபடியால், பைத்தியம் பிடித்த ஒருத்தி ஒரே இடத்தில் குனிந்து நிமிர்வது போல இருந்தது. ஒரு மனிசி தன் பாட்டில் கும்பிட்டதை வெட்டி ஒட்டி எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

பற்றிமாக்கா முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். "சாரங்கி, அங்கை பார்," என்று என் காதுக்குள் சொன்னார். "மொப்பைத் தூணிலை சாத்தி வைச்சிருக்கிறன். சீ. அது கூடாது."

பற்றிமா என்ன சொல்கிறார் என்று ஹென்ரியெத்த கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு ஹென்ரியெத்த பேசினார். பற்றிமாவை நாங்கள் எல்லோரும் எவ்வளவு விரும்புகிறோம் என்று தொடங்கினார். எல்லா மதங்களையும் மதிக்கிற வேலைத்தலம் இது. பற்றிமாவின் பண்பாட்டில் தொழுகை முக்கியம் என்பது தங்களுக்கு விளங்குகிறது. நிலக்கீழ்த் தளத்தில் ஓர் அமைதி அறை ஒதுக்கலாம், தொழுகைக்குப் பாய்கூட வாங்கித் தரலாம். ஆனால் கலைப்பொருட்களுக்குச் சேதம் வருவதை ஏற்க முடியாது.

பற்றிமா மாதாவின் நினைவாக வைத்த பெயர் அது, முஸ்லிம் பெண்களுக்கும் உள்ள பெயர். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரை வைத்து அவரை முஸ்லிம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை. மாதாவின் முன்னால் நாற்பத்தொரு தரம் குனிகிற படத்தைத் தாங்களே ஓட்டி முடித்த பிறகும் அவர்களுக்கு அது உறைக்கவில்லை. அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் செய்ததைத்தான் அவர் செய்கிறார். அதை எடுத்துக்கொண்டுபோய் நிலக்கீழ் அறையில் பாயில் வை என்கிறார்கள். மரியாதை என்ற சொல்லை அன்று அந்தப் பெண் எட்டுத் தரம் சொன்னார். நான் எண்ணினேன். கேட்கக் கேட்க எனக்குப் பல்லுக் கூசியது. ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை.

படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினார்கள். பற்றிமாக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, மெதுவாக வாசித்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். சேதம் என்ற சொல்.

"இதுக்கு நான் கையெழுத்து வைக்கிறன் எண்டு சொல்லு. ஆனா ஒரு விசயம். கீழை, மாதாவுக்குப் பக்கத்துப் பலகையிலையும் அன்பு எண்டதை வெட்டிப்போட்டுச் சேதம் எண்டு எழுதட்டும். அந்தச் சனமும் இதைத்தான் செய்தது. செத்த சனம் தொட்டா அன்பு, நான் தொட்டாச் சேதமோ? ரெண்டு இடத்திலையும் ஒரே சொல்லைப் போடட்டும். இப்பவே வைச்சுத் தாறன்."

நான் ஹென்ரியெத்தவைப் பார்த்தேன். இரண்டு மொழியிலும் படித்தவள் என்றுதான் பற்றிமாக்கா என்னைக் கூட்டி வந்திருந்தார். எட்டாம் வகுப்பு வரை யாழ்ப்பாணத்தில் தமிழ், பிறகு எல்லாம் டெனிஷ். அந்த இரண்டு படிப்பும் சேர்ந்து எனக்குப் பழக்கியது இதுதான்: ஒரு பக்கத்தில் கேட்பதை மற்றப் பக்கத்தில் பஞ்சில் சுற்றிக் கொடுப்பது. "விளக்கப் பலகையின் வாசகத்தையும் சற்றுக் கவனிக்க முடியுமா என்று பற்றிமா யோசிக்கிறார்," என்று டெனிஷில் சொன்னேன்.

ஹென்ரியெத்த சிரித்து, நல்ல யோசனை என்று குறிப்பெழுதினார்.

"பிள்ளை," என்றார் பற்றிமாக்கா. குரல் உயரவில்லை. "நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அக்கா, கொஞ்சம் பதமா..."

"நீ இரு. நான் கதைக்கிறன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டெனிஷில் தொடங்கினார். முதலில் பலகையை, தலைப்பிலிருந்து, ஆண்டு, மரம், கண்டெடுத்த இடம் எல்லாவற்றோடும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார். 'அழகிய தேய்வு' வந்ததும் நிறுத்தினார். பிறகு தன் சொந்த டெனிஷில், இலக்கணம் எங்கேயோ போக, சொன்னார்: அவர்கள் தொட்டார்கள், நீங்கள் அழகு என்கிறீர்கள். நான் தொட்டேன், நீங்கள் சேதம் என்கிறீர்கள். கை ஒன்றுதான். பாதமும் ஒன்றுதான். கீழே ஒரு கனவான் மாட்டைத் தொடுகிறார், அதற்கும் நீங்கள் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறீர்கள், அதன் தூசியையும் நான்தான் தட்டுகிறேன். நான் முஸ்லிம் இல்லை. கத்தோலிக்கம். எனக்குப் பாய் வேண்டாம்.

கடைசியாக ஒரு சொல் சொன்னார். அது பலகையில் படித்த சொல் இல்லை, எஸ்பியர்க் மீன் மேசையில் படித்தது. இங்கே எழுத மாட்டேன்.

ஊல்ரிக் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் முதல்முறையாக வாய் திறந்து சொன்னார்: 1934-ஆம் ஆண்டு எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது, பாதத்தைக் கிட்ட வைத்து எடுத்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உருப்பெருக்கியிலும் பார்த்தேன். புதிதாக ஒரு தேய்வும் இல்லை. அந்த விரல்கள் இவர் பிறக்கிறதுக்கு முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன்னமே போய்விட்டன. தொடுவது நல்லதில்லை, கையில் எண்ணெய் இருக்கும், அது வேறு விசயம். ஆனால் சேதம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

"எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். என்னுடைய குரல்தான் அது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"நேற்றுப் பின்னேரம். நேற்றுத்தான் கேட்டார்கள்."

கடிதம் வந்தது போன கிழமை. நான் ஹென்ரியெத்தவிடம் திரும்பினேன். "அப்படியென்றால் சேதம் என்ற சொல் கடிதத்துக்குள் எங்கேயிருந்து வந்தது?"

அவர் தாள்களைப் புரட்டினார். அது மாதிரிப் படிவத்தில் இருக்கிற சொல் என்றார். இப்படியான கடிதங்களுக்கு ஒரு மாதிரி உண்டு. பெயரையும் இலக்கத்தையும் மட்டும்தான் மாற்றுவது வழமை.

அந்த மாதிரிகளை எனக்குத் தெரியும். என்னுடைய கணினியிலும் இருக்கின்றன. ஒரு மனிசி ஒன்பது நாள் சோறு இறங்காமல், தன் விரலைத் தானே சந்தேகித்துக்கொண்டு திரிந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் ஒரு சொல்லை அழிக்கப் பஞ்சிப்பட்டு அப்படியே விட்டதுதான். கெட்ட எண்ணம்கூட இல்லை. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"அழியுங்கள்," என்றேன். "இப்போதே."

ஹென்ரியெத்த மடிக்கணினியைத் திறந்தார். புதிய தாள் அடித்து வந்தது: 'விதிமுறைக்கு மாறாகக் காட்சிப்பொருளைத் தொட்டேன்.' பற்றிமாக்கா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ஓம். தொட்டனான். இது உண்மை. இதுக்கு வைக்கிறன்." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "மொப்பைத் தூணிலை சாத்தினதையும் எழுதச் சொல்லு. அதுவும் உண்மை."

இந்த முறை ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். ஹென்ரியெத்த என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பக் கணினியைத் திறந்தார். அந்தத் தாள் இன்றைக்கும் மாளிகையின் கோப்புக்குள் இருக்கும்: சிலையைத் தொட்டது ஒன்று, மொப்பைச் சாத்தியது இரண்டு.

வேலை போகவில்லை. எழுத்தில் எச்சரிக்கை, அத்தோடு இடமாற்றம். மண்டபங்களுக்குள் இனிப் போகக்கூடாது. அலுவலக மாடி, படிக்கட்டு, கழிவறைகள். மாதாவைச் சுற்றி ஒரு மாதத்துக்குள் கண்ணாடிப் பெட்டி அடித்தார்கள். பலகையை மாற்றவில்லை. அழகிய தேய்வு அப்படியே இருக்கிறது. நல்ல யோசனை என்று எழுதிய குறிப்பு எங்கே போனதோ.

"கக்கூசுக்கு அனுப்பிப் போட்டாங்கள் எண்டு ஸ்ரெபானி கத்துறாள்," என்றார் பற்றிமாக்கா. "தமிழிலை கத்துறாள், அதுதான் புதினம். நான் சொன்னன், மீன் குடல் அள்ளினவளுக்கு இது என்ன பிள்ளை எண்டு." அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கதைக்கவில்லை. நான்தான் இன்னமும் கதைத்துக்கொண்டு திரிகிறேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நகரத்தில் மரக்கறி வாங்க இருவரும் புறப்பட்டோம். அல்பர்ட்ஸ்லுண்ட் ரயில் மேடையில் ஏறியதும் பற்றிமாக்கா நின்றுவிட்டார். விளம்பரப் பெட்டியில், கதவளவு உயரத்துக்கு, மாளிகையின் கோடைகாலக் கண்காட்சிச் சுவரொட்டி. வேறு படமே இல்லை. ஒரு மரப் பாதம் மட்டும். வலது பாதம். தேய்ந்த விரல்களின் வரிவரியான ஓக் மரம் பளபளத்தது. மேலே பெரிய எழுத்தில்: 'வரலாற்றைத் தொட்டு உணருங்கள்.'

என் வாயிலும் அந்த மீன் மேசைச் சொல் வந்தது. சத்தமாகவே வந்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்ற இளந்தாரி ஒருவன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிப் பார்த்தான்.

"கொஞ்சம் பதமா," என்றார் பற்றிமாக்கா. அன்று கூட்ட அறையில் நான் அவருக்குச் சொன்ன அதே சொல்.

பிறகு சுவரொட்டிக்குக் கிட்டப் போனார். கண்ணாடியில் மழைத்தண்ணி காய்ந்த புள்ளிகளும் யாரோ ஒட்டிய சூயிங்கத்தின் கறையும் இருந்தன. கைப்பையைத் திறந்து துணி எடுத்தார். அவருடைய பையில் எப்போதும் ஒரு மைக்ரோபைபர் துணி இருக்கும். பாதம் இருக்கிற இடத்தை மேலிருந்து கீழாக, விளிம்பு வரை துடைத்தார். சூயிங்கத்தை நகத்தால் சுரண்டினார். இரண்டடி பின்னுக்கு நின்று, வெளிச்சத்தில் சரிந்து பார்த்தார். துணியை மடித்து உள்ளே வைத்தார்.

மேடைக் கூரையில் கமரா இருந்தது. நான் வழமைபோல முதலில் அதைத்தான் பார்த்தேன். "அக்கா, மேலை கமரா."

"கிடக்கட்டும். தொடச் சொல்லித்தானே எழுதியிருக்கினம்."

இரண்டு விரலைப் பெருவிரல் இருந்த இடத்தில் வைத்தார். எடுத்து முத்தினார். ரயில் வந்து நின்று கதவு திறந்தது. துடைத்த கண்ணாடியில் இரண்டு அடையாளம் தெரிந்தது, ரேகை இல்லாத இரண்டு மங்கல் வட்டம். என் கை தன் பாட்டில் கைக்குட்டையைத் தேடியது.

"விடு அதை," என்றார். "கிடக்கட்டும்."

ஏறி, ஜன்னலோரம் இருந்தார். ரயில் புறப்படும்வரை அந்த இரண்டு வட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.